கீப் என்றால் வைப்பதா, காப்பதா?

‘கீப்’ என்றால் ‘வை’. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த இந்தப் பொருளை அதன்பிறகு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பாதி இடங்களில் அது சரியாகவும் வந்துவிடுகிறது. ‘டவுன்ல கடை வச்சிருக்கார்’ என்பதற்கு ‘ஹி கீப்ஸ் எ ஷாப்’ பொருந்துகிறது. ‘நாலு மாடு வச்சிருக்கார்’ என்பதற்கும் ‘கீப்ஸ்’தான். கணக்கு வை, மனசுல வை, ரகசியமா வை என எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் அதே சொல் இருக்கிறது. இத்தனை இடங்களில் ஒத்துப்போவதால்தான் ஒத்துப்போகாத இடத்தில் சறுக்குகிறோம்.

‘சரி, போனை வச்சிடறேன்’ என்பதை ‘ஐ வில் கீப் த போன்’ என்று சொன்னால், எதிர்முனையில் இருக்கும் லண்டன்காரருக்கு அந்தப் போனை நீங்களே எடுத்துக்கொள்ளப் போவதாகத்தான் கேட்கும். ‘திங்கக்கிழமை மீட்டிங் வச்சிருக்காங்க’ என்பதை ‘தே ஹேவ் கெப்ட் த மீட்டிங் ஆன் மண்டே’ என்றால், கூட்டத்தைத் தள்ளிப்போடும் பேச்சு இருந்ததென்றும் கடைசியில் மாற்றாமல் திங்கட்கிழமையிலேயே விட்டுவிட்டார்கள் என்றும் புரிந்துகொள்வார். ‘குழந்தைக்கு என்ன பேர் வச்சீங்க?’ என்பதில் ‘கீப்’ போட்டால், இருந்த பெயர்களில் எதை விடாமல் தக்கவைத்துக்கொண்டீர்கள் என்று கேட்டதுபோல் ஆகிவிடும். இலக்கணம் எங்கும் பிழையில்லை. வினைச்சொல்தான் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது.

இதற்குக் காரணம் இரண்டு சொற்களும் புறப்பட்ட இடம் வேறு வேறு என்பதே. தமிழின் ‘வை’ கையின் வேலை: ஒரு பொருளை ஓரிடத்தில் அமர்த்துவது. ஆங்கிலத்தின் ‘கீப்’ பெரும்பாலும் கண்ணின் வேலையிலிருந்து வந்தது: ஒன்றின்மேல் பார்வையை விடாமல் இருத்துவது. இரண்டும் நடுவழியில் சந்தித்துக்கொள்கின்றன. சந்திக்கும் இடம் எதுவரை என்று தெரிந்துகொண்டால் மேலே சொன்ன பிழைகள் தாமாகவே கண்ணில் படும்.

பழைய கதை

பழைய ஆங்கிலத்தில் இதன் வடிவம் ‘கேப்பன்’. எழுத்தில் இது பரவலாகத் தலைகாட்டுவது 1000ஆம் ஆண்டை ஒட்டித்தான். அதற்கு முன் காத்தல், வைத்திருத்தல் வேலைகளையெல்லாம் இன்றைய ‘ஹோல்ட்’ என்பதன் முன்னோரான ‘ஹெயால்டன்’ பார்த்துக்கொண்டிருந்தது. ‘கேப்பன்’ எழுத்துக்கு வரும்போதே ஒரு கூட்டம் பொருள்களோடு வந்தது: பிடி, நாடு, கவனி, கருத்தில் கொள், எதிர்பார்த்துக் காத்திரு, பதுங்கியிருந்து பார். கவனித்தல், கடைப்பிடித்தல் இரண்டையும் குறிக்கும் லத்தீனின் ‘ஒப்செர்வாரே’வை மொழிபெயர்க்க இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார்கள். இத்தனை பொருள்களோடு ஒரு சொல் திடீரென்று ஏட்டில் ஏறுகிறது என்றால், அது அதற்கு வெகுகாலம் முன்பே சாதாரண மக்களின் வாயில் புழங்கியிருக்க வேண்டும். எழுதத் தெரிந்த துறவிகள் பிறகுதான் அதைக் கையில் எடுத்திருக்கிறார்கள். ஆக்ஸ்ஃபோர்ட் அகராதியை முதலில் தொகுத்தவர்களும் இந்த முடிவுக்குத்தான் வந்தார்கள். ஆங்கிலமும் ஜெர்மனும் சேர்ந்த குடும்பமான ஜெர்மானிய மொழிகளில் இதற்கு நேரடி உடன்பிறப்பு தெரியவில்லை என்றும் அவர்கள் குறித்துவைத்தார்கள்.

நேரடி உடன்பிறப்பு இல்லாவிட்டாலும் ஒன்றுவிட்ட உறவு உண்டு என்பது பிற்கால ஆய்வாளர் பலரின் கருத்து. பழைய ஆங்கிலத்திலேயே ‘கப்பியன்’ என்றொரு வினை இருந்தது. அதன் பொருள் ‘பார்’. இரண்டையும் ஒரே குடும்பம் என்று சேர்ப்பதற்கான தடயம் ‘கீப்’ என்பதன் முதல் எழுத்திலேயே இருக்கிறது. அதை மட்டும் சற்று நின்று பார்க்கலாம்.

பழைய ஆங்கிலத்தில் இ, ஏ போன்ற உயிர்களுக்கு முன்னால் வந்த ‘க’ ஒலி ‘ச்ச’வாக மாறியது. ‘சைல்ட்’, ‘சீஸ்’, ‘சர்ச்’, ‘சின்’ எல்லாம் அப்படிப் பிறந்தவை. அந்த விதிப்படி ‘கேப்பன்’ இன்றைக்கு ‘சீப்’ என்று ஒலித்திருக்க வேண்டும். ஆனால் ‘கீப்’ என்றே நிற்கிறது. ஏனென்றால் அந்த மாற்றம் நடந்தபோது இந்தச் சொல்லில் ‘ஏ’ இல்லை, ‘ஓ’ இருந்தது. ‘கோப்பியன்’ என்பதுபோன்ற ஒரு வடிவம். பின்னால் வந்த இகரம்தான் முன்னால் இருந்த ‘ஓ’வை ‘ஏ’யாக இழுத்தது. ‘ஃபுட்’ என்ற காலடிச் சொல்லின் பன்மை ‘ஃபீட்’ ஆனதும், உணவைக் குறிக்கும் ‘ஃபூட்’ என்பதிலிருந்து ஊட்டுவதைக் குறிக்கும் ‘ஃபீட்’ கிளைத்ததும் இதே இழுப்பால்தான். அதற்குள் ககரம் சகரமாகும் காலம் முடிந்துவிட்டதால் ‘க’ தப்பியது. ‘கிங்’, ‘கின்’, ‘கிஸ்’, ‘கீன்’ எல்லாமே இப்படித் தப்பியவை. ‘கிச்சன்’ என்ற ஒரே சொல்லில் இரண்டு கதையையும் பார்க்கலாம். லத்தீனின் ‘கொக்வீனா’விலிருந்து வந்த அந்தச் சொல்லில் ஒகரத்துக்கு முன்னால் நின்ற முதல் ககரம் அப்படியே இருக்கிறது, இகரத்துக்கு முன்னால் நின்ற இரண்டாவது ககரம் ‘ச்ச’ ஆகிவிட்டது. ஆக, ‘கீப்’ என்பதற்குள் ஒரு பழைய ‘ஓ’ ஒளிந்திருக்கிறது. ஜெர்மானிய மொழிகளில் ஒரே வேரில் ‘அ’வும் ‘ஓ’வும் மாறி மாறி வருவது வாடிக்கை என்பதால், ‘கப்பியன்’ என்ற பார்வைச் சொல்லோடு அது சேருகிறது.

இறந்தகாலம் ஏன் ‘கெப்ட்’ என்பதற்கு விடை நம்முடைய குறில் நெடில் கணக்கிலேயே கிடைக்கும். நிகழ்காலத்தில் நெடில் ‘கே’. இறந்தகாலத்தில் பின்னால் ப், ட் என்று இரண்டு மெய்கள் சேர்ந்து வந்ததால் நெடில் குறுகிக் ‘கெ’ ஆனது. பிறகு ஏறத்தாழ 1400க்கும் 1700க்கும் இடையில் ஆங்கிலத்தின் நெடில்கள் எல்லாம் வாயில் இடம் மாறின. ‘கே’ மேலேறிக் ‘கீ’ ஆனது. குறில் நகரவில்லை. அதனால்தான் எழுத்தில் இரண்டு ‘இ’ எழுத்து போட்டு ‘ஈ’ என்று படிக்கிறோம். அந்த இரட்டை எழுத்து முன்பு ‘ஏ’வைக் குறித்தது. ‘ஸ்லீப்–ஸ்லெப்ட்’, ‘வீப்–வெப்ட்’, ‘ஃபீல்–ஃபெல்ட்’ எல்லாம் இதே வரிசை. ‘கீப்ட்’ என்று நெடிலாகச் சொல்வது நம் பேச்சில் அடிக்கடி கேட்கும் பிழை. இந்த வரிசையைச் சேர்த்து ஒருமுறை வாய்விட்டுச் சொன்னால் அது போய்விடும்.

பார்ப்பவரே காப்பவர்

பார்ப்பதிலிருந்து காப்பது பிறப்பது ‘கீப்’ ஒன்றின் தனிக்கதை என்றால் இவ்வளவு சொல்ல வேண்டியதில்லை. சுற்றியுள்ள மொழிகளில் திரும்பத் திரும்ப இதுதான் நடந்திருக்கிறது. பிரெஞ்சில் வைத்துக்கொள்வதற்கு ‘கார்தே’ என்பார்கள். அது ஜெர்மானிய மொழியிலிருந்து பிரெஞ்சுக்குப் போன சொல். அங்கே அதன் பொருள் ‘விழித்துப் பார்’. ஆங்கிலத்தின் ‘கார்ட்’, ‘வார்டன்’ இரண்டும் அந்த வேர்தான். அதே வேரில் வந்த ஜெர்மன் வினை ‘வார்ட்டன்’ இன்று காத்திருப்பதையும் குறிக்கும், இயந்திரத்தைப் பராமரிப்பதையும் குறிக்கும். ஆங்கிலத்தின் ‘வெய்ட்’கூட விழித்துப் பார்ப்பதைக் குறித்த ஒரு பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்ததே.

‘ஹோல்ட்’ என்பதன் பழைய வரலாறும் கையில் தொடங்கவில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். நான்காம் நூற்றாண்டில் உல்ஃபிலா என்ற ஆயர், பழைய ஜெர்மானிய மொழிகளில் ஒன்றான கோத்திக்கில் விவிலியத்தைப் பெயர்த்தார். ஊதாரி மகனைப் பன்றி மேய்க்க அனுப்பும் இடத்தில் (லூக்கா 15:15) மேய்ப்பதற்கு அவர் பயன்படுத்திய சொல் ‘ஹல்டன்’, அதாவது ‘ஹோல்ட்’டின் உடன்பிறப்பு. மந்தையை மேய்ப்பவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பதில்லை, கண்ணில் வைத்திருக்கிறார். ‘பிஹோல்ட்’ என்றால் ‘பார்’ என்ற பொருள் ஆங்கிலத்தில் எப்படி வந்தது என்று குழம்புகிறவர்களுக்கு இங்கே ஒரு பிடி கிடைக்கும்.

தமிழில் இந்த இடத்தில் நிற்கும் சொல் ‘கா’. காவல், காப்பு, காவலன், காப்பாற்று எல்லாம் அதன் கிளைகள். ‘காத்திரு’ என்னும்போது அதே சொல் எதிர்பார்த்திருப்பதாகிறது. காவல் காப்பதும் வரவுக்காகக் காத்திருப்பதும் ஒரே வேரில் நிற்பது ஜெர்மன் ‘வார்ட்டன்’ செய்ததைப் போன்றதே. பழைய ஆங்கிலக் ‘கேப்பன்’ குறித்த காத்திருத்தல், கவனித்தல் இரண்டும் இங்கேயும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. பேச்சுத்தமிழில் இன்னும் வெளிப்படையான சாட்சி ‘பார்த்துக்கொள்’. ‘குழந்தையைப் பாத்துக்கோ’ என்றால் கண்ணால் பார் என்பதல்ல, காப்பாற்று என்பதுதான் பொருள். ஆகவே ‘கீப்’ என்பதன் முதல் தமிழ்ப்பொருளாக அகராதியில் ‘கா’வும் ‘பார்த்துக்கொள்’ளும்தான் நிற்க வேண்டும், ‘வை’ மூன்றாவதாக வரலாம். பள்ளிப் பாடநூல்கள் வரிசையைத் தலைகீழாக்கிவிட்டன.

விவிலியத்தை இரண்டு மொழியிலும் பக்கத்தில் வைத்துப் படிக்கிறவர்களுக்கு இது எளிதில் தெரியும். 1611இல் அச்சான ஜேம்ஸ் மன்னர் பதிப்பில் ஏதேன் தோட்டத்தைக் ‘கீப்’ செய்ய மனிதன் அமர்த்தப்படுகிறான். பழைய தமிழ் விவிலியத்தில் அது ‘காக்கவும்’. தம்பி எங்கே என்று கேட்டதும் காயீன் ‘கீப்பர்’ என்ற சொல்லால் பதில் சொல்கிறான். தமிழில் ‘என் சகோதரனுக்கு நான் காவலாளியோ’. கட்டளைகளைக் ‘கீப்’ செய்யச் சொல்லும் இடத்தில் ‘கைக்கொள்ளுங்கள்’. மேய்ப்பர் சொன்னவற்றை மரியாள் ‘கெப்ட்’ செய்த இடத்தில்தான் ‘இருதயத்திலே வைத்து’ என்று ‘வை’ வருகிறது. தமிழ்ப் பெயர்ப்பு ஆங்கிலத்தைப் பார்த்துச் செய்தது அல்ல என்றாலும், அந்த ஒரே ஆங்கில வினை நிற்கும் இடங்களில் தமிழுக்கு எத்தனை வினை தேவைப்படுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நூல் கிடைப்பது அரிது.

பிற்காலக் கிளைகளை வேகமாகக் கடக்கலாம். ‘ஒழுங்காகப் பராமரி’, ‘தொடர்ந்து செய்’ ஆகிய பொருள்கள் இடைக்கால ஆங்கிலத்திலிருந்து படிப்படியாக வளர்ந்தவை. கோட்டையின் நடுவே நிற்கும் பெரிய கோபுரத்தைக் ‘கீப்’ என்பது பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த வழக்கு. லண்டன் கோட்டையின் வெள்ளைக் கோபுரத்தை எழுப்பிய பதினோராம் நூற்றாண்டு நார்மன்கள் அதை அந்தப் பெயரால் அழைத்திருக்க வழியில்லை. அந்த வகைக் கோபுரத்துக்கு அவர்கள் வழக்கு ‘டான்ஜன்’. உணவும் பராமரிப்புச் செலவும் என்ற பொருள் பத்தொன்பதாம் நூற்றாண்டினது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்கள் எந்த அறையில் தங்கியிருக்கிறாய் என்று கேட்பதற்கும் இந்த வினையைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ‘கேட் கீப்பர்’, ‘விக்கெட் கீப்பர்’ இரண்டும் தமிழாகவே ஆகிவிட்டன; இரண்டிலும் வேலை வைப்பதல்ல, கண் கொட்டாமல் பார்ப்பது.

ஒரு கிளையை மட்டும் ஒதுக்கிவிட முடியாது. ஒரு பெண்ணுக்குச் செலவு செய்து தனியே வைத்திருப்பதைக் குறிக்க ஆங்கிலத்தில் ‘கீப்’ பதினாறாம் நூற்றாண்டிலிருந்தே வழங்குகிறது. தமிழில் ‘வை’யிலிருந்தே ‘வைப்பாட்டி’ பிறந்தது. பிறகு ஆங்கிலச் சொல்லையே பெயர்ச்சொல்லாக்கி ‘அவருடைய கீப்’ என்று இங்கே பேசத் தொடங்கினோம். பிரிட்டனில் அந்தப் பெயர்ச்சொல் வழக்கில் இல்லை. பொருளை வைத்திருப்பதும் மனுஷியை வைத்திருப்பதும் ஒரே வினையில் அடங்கிவிடுவது இரண்டு மொழிக்கும் பொதுவான வெட்கக்கேடு. எழுத்தில் இந்தச் சொல்லைத் தவிர்ப்பது நல்லது.

ஏகாரம் எங்கே நிற்கிறது?

எப்போது ‘கீப்’, எப்போது ‘புட்’? இதற்குத் தமிழிலேயே ஒரு சோதனை இருக்கிறது. ‘புட்’ ஒரு கணத்தில் முடிந்துபோகும் செயல். ‘கீப்’ நீடிக்கும் நிலை. தமிழ் இந்த வேறுபாட்டை வினையில் காட்டாமல் பெரும்பாலும் ஒற்றை ஏகாரத்தில் காட்டிவிடுகிறது.

‘போனை மேசை மேல வை’ என்றால் கையில் இருப்பதை இறக்கு என்று பொருள், ‘புட்’. ‘போனை மேசை மேலேயே வை’ என்றால் அங்கிருந்து எடுக்காதே, அங்கேயே இருக்கட்டும்; ‘கீப்’. ‘கதவைத் திறந்து வை’ என்பது திறக்கும் செயலைச் சொல்கிறது. ‘கதவைத் திறந்தே வை’ என்றால் மூடவிடாதே. ‘கீப் த டோர் ஓப்பன்’. ‘நடந்துகொண்டிரு’ என்பதைவிட ‘நடந்துகொண்டே இரு’ என்பதுதான் ‘கீப் வாக்கிங்’. சாலைப் பலகையில் இருக்கும் ‘கீப் லெஃப்ட்’ என்பதற்கு ‘இடப்புறம் செல்’ என்று எழுதினால் திரும்பச் சொன்னதுபோல் ஆகிவிடும். ‘இடப்புறமாகவே செல்’ என்றால்தான் சரி. நீங்கள் சொல்ல வந்த தமிழ் வாக்கியத்தில் ஏகாரத்தைச் சேர்த்துப் பாருங்கள். சொல்ல வந்தது மாறாமல் அழுத்தம் மட்டும் கூடினால் ‘கீப்’ போடலாம். பொருளே மாறினால் ‘புட்’ அல்லது வேறு வினை.

இந்தச் சோதனை பிடிக்காத இடம் ஒன்று உண்டு: ‘வைத்திரு’ என்று வரும் வாக்கியங்கள். ‘கடை வச்சிருக்கார்’, ‘மீட்டிங் வச்சிருக்காங்க’ இரண்டும் வடிவத்தில் ஒன்றுபோல இருக்கின்றன. முதலாவதில் ‘இரு’ நீடிக்கும் நிலை; இரண்டாவதில் முடிந்துபோன ஏற்பாடு. பிரித்தறிய ‘இப்பவும்’ என்று முன்னால் சேர்த்துப் பாருங்கள். ‘இப்பவும் கடை வச்சிருக்கார்’ இயல்பாக நிற்கிறது. ‘இப்பவும் திங்கக்கிழமை மீட்டிங் வச்சிருக்காங்க’ என்றால் தேதி மாறவில்லை என்ற வேறு செய்தியாகிவிடுகிறது. நீடிக்கும் நிலைக்குக் ‘கீப்’. ஏற்பாட்டுக்கு ‘ஃபிக்ஸ்’, ‘ஷெட்யூல்’. இன்னொரு வம்பும் இங்கே இருக்கிறது. ‘கீப் அன் அப்பாயின்ட்மென்ட்’ என்ற தொடர் ஆங்கிலத்தில் உண்டு. அதன் பொருள் நேரம் குறிப்பது அல்ல, குறித்த நேரத்துக்குச் சொன்னபடி போய்ச் சேர்வது. வாக்கைக் காப்பாற்றுவதன் கிளை அது.

பொட்டு வைப்பதற்கும் மருதாணி வைப்பதற்கும் ‘புட் ஆன்’ அல்லது ‘அப்ளை’. பெயருக்கு ‘நேம்’. போனை வைக்க ‘ஹேங் அப்’. பொம்மைகளை எடுத்து வைக்க ‘புட் அவே’. சிங்கப்பூரில் இதற்கும் ‘கீப் யுவர் டாய்ஸ்’ என்பார்கள், அங்கே மலாயும் சீனமும் அந்த வழக்கைத் தாங்கி நிற்கின்றன. இந்தியாவுக்குள் ‘கீப் த பேக் தேர்’ என்று சொன்னால் எல்லாருக்கும் புரிகிறது. பேச்சில் அதைப் பிழை என்று ஒருவரைத் திருத்திக்கொண்டிருப்பது தேவையற்ற வேலை. வெளிநாட்டுக்குப் போகும் கடிதத்திலும் தேர்வுத்தாளிலும் மட்டும் கவனம் வேண்டும்.

பெட்டி மேல் எழுதும்போது

மொழிபெயர்ப்பாளருக்கு இந்த வினை அதிகமாக வருவது மருந்துப் பெட்டியிலும் சரக்குப் பெட்டியிலும்தான். அங்கே தவறினால் பொருள் கெடும். சில நேரம் ஆளுக்கே ஆபத்து.

‘கீப் அவுட் ஆஃப் ரீச் ஆஃப் சில்ட்ரன்’ என்பதற்குக் ‘குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்’ என்ற வழக்கு உறுதியாக நிலைத்துவிட்டது. அதுபோதும். ‘கீப் ட்ரை’ என்பதை ‘உலர்வாக வைக்கவும்’ என்று எழுதினால் பிழையில்லை, ஆனால் லாரியில் ஏற்றுகிறவருக்கு என்ன செய்ய வேண்டும் என்பது உறைக்காது. ‘நனையாமல் பார்த்துக்கொள்ளவும்’ என்று எழுதுங்கள். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ‘கேப்பன்’ என்பதன் சொந்தப் பொருளும் அதுதான். ‘கீப் அப்ரைட்’ என்பதற்கு ‘நிமிர்த்தி வைக்கவும்’ போதாது. ஏற்றும்போது நிமிர்த்தி வைத்து, வழியில் சாய்ந்தால் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம் என்று அதற்கு அர்த்தம் எடுக்க முடியும். ‘சாயாமல் நிமிர்ந்த நிலையிலேயே வைத்திருக்கவும்’.

இன்சுலினை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிக்காத மருந்தை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் ‘கீப்’ செய்யச் சொல்வார்கள். உறையவிடக் கூடாது என்று அடுத்த வரி சொல்லும். ‘2 முதல் 8 டிகிரியில் வைக்கவும்’ என்று பெயர்த்தால் ஒருமுறை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் கடமை முடிந்தது என்று ஆகிவிடும். கடைக்காரர் ராத்திரி ஃபிரிட்ஜை அணைத்துவிட்டுப் போனாலும் அவர் ‘வைத்தார்’ என்பது உண்மைதானே. ‘வெப்பநிலை 2க்கும் 8க்கும் இடையிலேயே இருக்குமாறு வைத்திருக்கவும்’ என்றால்தான் காவல் முழுநேரமும் தொடர வேண்டும் என்பது வரும். ‘வைக்கவும்’, ‘வைத்திருக்கவும்’ இரண்டுக்கும் நடுவே இருக்கும் அந்த மூன்று எழுத்தைச் சுருக்கத்துக்காக வெட்டிவிடாதீர்கள். பெட்டியில் இடம் இல்லையென்றால் வேறெதையாவது குறையுங்கள்.

‘கீப் ஆஃப் த கிராஸ்’, ‘கீப் அவுட்’ போன்றவற்றில் வையும் வேண்டாம், காவும் வேண்டாம். ‘புல்வெளியில் நடக்காதீர்’, ‘உள்ளே வராதீர்’ என்று எதிர்மறையாகத் திருப்பிவிடுவதே தமிழுக்கு இயல்பு.

‘இங்’ வரும் இடம்

‘கீப்’ என்பதற்குப் பின்னால் வினை வந்தால் ‘இங்’ வடிவத்தில்தான் வரும். ‘கன்டின்யூ டு ரீட்’ என்று சொல்லலாம் என்பதால் ‘கீப் டு ரீட்’ என்றும் எழுதுகிறார்கள்; அது தவறு. பின்னால் வரும் வினையின் இயல்பைப் பொறுத்து இரண்டு பொருள் கிடைக்கும். நடத்தல், தூங்குதல் போன்று நீளும் வினை வந்தால் இடைவிடாமல் தொடர்வது. விழுதல், தும்முதல் போன்று ஒரு கணத்தில் முடியும் வினை வந்தால் திரும்பத் திரும்ப நிகழ்வது. தமிழில் ‘அடிக்கடி’ சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். ‘கீப் ஆன்’ என்று நடுவில் ஒரு சொல் கூடினால் பிடிவாதமோ எரிச்சலோ சேர்ந்துகொள்ளும்: ‘சொல்லச் சொல்லக் கேக்காம பேசிட்டே இருக்கான்’. அறிதல், சொந்தமாக இருத்தல் போன்ற நிலைவினைகளோடு இந்தக் கட்டுமானம் சேராது.

‘கெப்ட் மீ வெய்ட்டிங்’ என்ற தொடருக்குத் தமிழில் அசலான இணை தயாராக இருக்கிறது: ‘காக்க வைத்தார்’. ‘கீப்’ என்ற ஒரு சொல்லுக்குள் நாம் தேடிக்கொண்டிருந்த காவும் வையும் இங்கே ஒரே தொடரில் கைகோத்து நிற்கின்றன. ‘காத்திருக்கச் செய்தார்’ என்று எழுதுகிறவர்கள் கையில் இருப்பதை விட்டுவிட்டுப் போகிறார்கள்.

எல்லாவற்றையும்விட அபாயமானது ‘ஃப்ரம்’. ‘கீப் ஹிம் டாக்கிங்’ என்றால் அவனைப் பேசவிட்டுக்கொண்டே இரு. ‘கீப் ஹிம் ஃப்ரம் டாக்கிங்’ என்றால் அவனைப் பேசவிடாதே. ஒரு சின்னச் சொல்லில் பொருள் நேர் எதிராகிவிடுகிறது. வேகமாகப் படிக்கும்போது கண் அதைத் தாண்டிவிடும். இயந்திர மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கிறவர்கள் முதலில் தேட வேண்டிய இடமும் இதுவே. நோயாளியைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்வதா, தூங்கிக்கொண்டே இருக்கச் செய்வதா என்பது இந்த ஒரு சொல்லில் தொங்கும். ஒப்பந்தங்களில் ‘ஷல் கீப் த டெனன்ட் ஃப்ரம்’ என்று வந்தால் ‘தடுப்பார்’ என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள். ‘விலக்கி வைப்பார்’ என்று சுற்றிவளைக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. செயப்படுபொருளே இல்லாமல் ‘கீப்’ வருவதுண்டு: ‘மில்க் வோன்ட் கீப்’. பால் எதையும் வைத்திருப்பதில்லை. கெடாமல் இருக்காது என்பதுதான் பொருள். நம் வீடுகளில் இதற்குத் ‘தாங்கும்’, ‘நிக்கும்’ என்று இரண்டு நல்ல வினைகள் புழங்குகின்றன. ‘மாவு ஃபிரிட்ஜ்ல நாலு நாள் தாங்கும்’, ‘தேங்காச் சட்னி சாயங்காலம் வரை நிக்காது’. உணவுப் பொட்டலங்களில் ‘கெடாமல் இருக்கும் காலம்’ என்று நீட்டி எழுதுவதைவிட ‘10 நாள் தாங்கும்’ என்று எழுதினால் வாங்குகிறவருக்குப் பட்டென்று புரியும். செய்திக்கும் இதே வினை வரும்: ‘இட் வில் கீப்’ என்றால் அவசரமில்லை, அப்புறம் பேசிக்கலாம்.